வேலைநாள் இரவுக்குப் பால் கலவாத மாட்டுக் கொத்துக்கறி: சிங்கப்பூரில் புதிதாகச் சமைக்கத் தொடங்குவோருக்கு

வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புபவர் எட்டு மணிக்குள் சோறும் கறியுமாகச் சாப்பிட உட்கார வேண்டுமென்றால், கொத்துக்கறியைப் போலக் கைகொடுக்கும் இறைச்சி வேறில்லை. மாட்டிறைச்சித் துண்டுகள் மெத்தென்று வேகப் பிரஷர் குக்கரிலேயே அரை மணி நேரம் பிடிக்கும். அதே இறைச்சியைக் கொத்தி வாங்கிவிட்டால் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் போதும். சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து, வாடகை வீட்டின் சிறிய சமையலறையில் தனக்கோ குடும்பத்துக்கோ முதன்முறையாகச் சமைப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பாலும் தயிரும் நெய்யும் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கென்று தனிப் பாத்திரம் வைக்காமல் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறிக்கொள்ளும்படி இந்தச் சமையல் அமைந்திருக்கிறது.

கொத்துக்கறிக்குத் தயிர் சேர்ப்பது பல வீடுகளில் பழக்கம் என்பதால், அதை விட்டுவிட்டால் கறி எப்படி இருக்குமோ என்ற தயக்கம் வருவது இயல்பு. தயிர் செய்யும் வேலை என்ன என்று பார்த்தால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும். அதன் புளிப்பு இறைச்சியின் நார்களை இளக்குகிறது. அதன் கெட்டித்தன்மை மசாலாவுக்கு ஒரு பிடிப்பைத் தருகிறது. கொத்துக்கறியில் அந்த நீண்ட நார்களை இயந்திரம் முன்பே அறுத்துவிடுவதால் முதல் வேலைக்கு இங்கே தேவையே இல்லை. இரண்டாவது வேலையைத் தக்காளியும் உருளைக்கிழங்கும் குறைவின்றிச் செய்கின்றன. நெய் தரும் செழுமையை இறைச்சியின் சொந்தக் கொழுப்பே தந்துவிடும். ஆகவே பால் பொருள்களை விலக்குவதால் இந்தக் கறி எதையும் இழப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. சமைப்பவரின் கவனம் செல்ல வேண்டியது வேறு இரண்டு இடங்களுக்கு: கடையில் வாங்கும் பொட்டலங்களின் பின்புறத்துக்கும், வாணலியில் இறைச்சி விடும் நீருக்கும்.

யார் எதை விலக்க வேண்டும்

பால் ஒத்துக்கொள்ளாமை எல்லோருக்கும் ஒரே வகையானதன்று. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைந்துபோவது ஆசிய நாட்டவரிடையே மிகவும் பரவலாகக் காணப்படுவது. அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் வரலாம், ஆனால் நெய்யில் லாக்டோஸ் மிகமிகக் குறைவு என்பதால் அவர்களில் பலர் நெய்யைத் தாங்கிக்கொள்வார்கள். பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் சிறிதளவு கூட ஆபத்தாகலாம். நெய்யில் தங்கியிருக்கும் புரதத் துணுக்குகளும், லாக்டோஸ் நீக்கிய பாலும், பெரும்பாலும் ஆட்டுப்பாலும் அவர்களுக்கு ஆகாதவை. வீட்டில் இருப்பவர் இந்த இரண்டில் எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

மாட்டிறைச்சி பால் பொருளன்று. லாக்டோஸ் செரிக்காதவர்கள் அதைத் தயக்கமின்றி உண்ணலாம். ஆனால் பசும்பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மாட்டிறைச்சியும் ஒத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் பாலிலும் இறைச்சியிலும் பொதுவாக இருக்கும் ஒரு புரதம் உண்டு. அத்தகைய குழந்தைக்கு முதன்முறையாக இந்தக் கறியைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம்.

இறைச்சி வாங்குதல்

சிங்கப்பூரில் விற்கும் மாட்டிறைச்சி இறக்குமதியாவதே. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் ஆகிய நாடுகளின் பெயர்களைப் பொட்டலங்களில் அடிக்கடி காண்பீர்கள். குளிரூட்டியது, உறைய வைத்தது என்று இரண்டு வகையாகக் கிடைக்கும். குளிரூட்டியது விலை கூடுதல்; உறைய வைத்தது மலிவு. மசாலா சேர்த்துச் சமைக்கும் கொத்துக்கறிக்கு உறைய வைத்த இறைச்சியே தாராளமாகப் போதும், பணத்தை அதில் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

தேக்கா சந்தையிலும் கேலாங் சிராய் சந்தையிலும் உள்ள ஹலால் இறைச்சிக் கடைகளில் நீங்கள் காட்டும் துண்டையே கொத்தித் தரச் சொல்லி வாங்கலாம். என்ன கொழுப்பு, எவ்வளவு கொழுப்பு என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்து வாங்கும் வசதி அது. ஆனால் இறைச்சியும் மீனும் காய்கறியும் விற்கும் இத்தகைய ஈரச்சந்தைகள் காலையிலேயே சுறுசுறுப்பாகி நண்பகலுக்குப் பிறகு ஓய்ந்துவிடும். பல கடைகள் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. வேலைக்குச் செல்பவர்கள் வார இறுதியில் வாங்கி உறைய வைப்பதோ, வீட்டுக்கு அருகிலுள்ள ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பேரங்காடியில் மாலையில் வாங்குவதோதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஹலால் இறைச்சி வேண்டுபவர்கள் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் முத்திரை பொட்டலத்திலோ கடையிலோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கொழுப்பின் அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் விழுக்காடு அச்சிட்டிருந்தால், 10 முதல் 15 விழுக்காடு வரை கொழுப்புள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் குறைவான கொழுப்புள்ளது உடலுக்கு நல்லது என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். நெய்யும் தயிரும் இல்லாத இந்தச் சமையலில் அது வறண்டு மணல்மணலாகிவிடும். 20 விழுக்காட்டை எட்டினால் கறியின் மேல் எண்ணெய் மிதக்கும், அதை வடித்தெடுக்கும் வேலை கூடும். நான்கு பேருக்கு 500 கிராம் இறைச்சி சரியான அளவு.

பொட்டலத்தின் பின்புறம்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம். பால், தயிர், நெய், வெண்ணெய் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. அவற்றை விலக்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாதவைதாம் தொல்லை தருபவை.

சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளின்படி, பொட்டலமிட்ட உணவில் பாலோ லாக்டோஸ் உள்ளிட்ட பால் பொருள்களோ சேர்ந்திருந்தால் அதை உட்பொருள் பட்டியலில் தெரிவித்தாக வேண்டும். ஆகவே பட்டியலை முழுவதும் படிப்பவருக்குத் தகவல் கிடைத்துவிடும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் தேட வேண்டிய சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மில்க் (milk), மில்க் சாலிட்ஸ் (milk solids), பட்டர்மில்க் (buttermilk), வே (whey), கேசின் (casein), கேசினேட் (caseinate), லாக்டோஸ் (lactose), கீ (ghee). இவற்றில் எது இருந்தாலும் அது பால் சார்ந்தது. இதற்கு மாறாக, கோக்கனட் மில்க், பீனட் பட்டர், கோக்கோ பட்டர் ஆகிய பெயர்களைக் கண்டு அஞ்சித் திருப்பி வைத்துவிட வேண்டாம். அவை தம்மளவில் பாலுடன் தொடர்பில்லாதவை. ஆனாலும் அவற்றின் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் குறிப்பாகக் கவனம் தேவை. திரவமாகப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில் பொதுவாகத் தேங்காய்ச் சாறும் நீரும், அவை பிரிந்துபோகாமல் காக்கும் சில பொருள்களுமே இருக்கும். பொடியாக வரும் தேங்காய்ப்பாலில் பல நிறுவனங்கள் சோடியம் கேசினேட் என்னும் பால் புரதத்தைச் சேர்க்கின்றன. தேங்காயில் ஏது பால் என்று நம்பிப் பொடியை வாங்கிவிடுபவர்கள் அதனால் சிக்கலுக்கு உள்ளாகிறார்கள். காப்பிக்குக் கலக்கும் க்ரீமர் பொடிகளும் அப்படியே. பால் அற்றது என்று முன்புறத்தில் அச்சிட்டிருந்தாலும் பின்புறத்தில் கேசினேட் இருப்பதுண்டு. ஈரச்சந்தையில் கண் முன்னே துருவிய தேங்காயை வாங்கி வீட்டில் பிழிந்துகொள்வது எல்லாவற்றிலும் நம்பகமானது, வேலைநாளில் அதற்கு நேரம் இருந்தால்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ஹலால் முத்திரை ஓர் உணவில் பால் இல்லை என்று சொல்வதில்லை. பால் ஹலாலான உணவே. இந்தியாவிலிருந்து வரும் மசாலாப் பொட்டலங்களின் பச்சைப் புள்ளியும் அதைச் சொல்வதில்லை. இந்திய வழக்கில் சைவ உணவு என்பது பாலையும் உள்ளடக்கியது. சூப் கட்டிகள், மார்ஜரின், உடனடி மசாலாக் கலவைகள் ஆகிய மூன்றையும் பட்டியல் படிக்காமல் கூடையில் போடாதீர்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் போன்ற தனித் தூள்களை வாங்கி நீங்களே கலந்துகொண்டால் இந்தக் கவலையில் பாதி குறைந்துவிடும்.

முன்தினமே செய்ய வேண்டியது

வாங்கி வந்த இறைச்சியை அன்றோ மறுநாளோ சமைக்கப் போவதில்லையென்றால் உறைய வைத்துவிடுங்கள். கட்டியாகப் போட்டு வைக்காமல், அரைக் கிலோவைப் பிளாஸ்டிக் பையிலிட்டு இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகத் தட்டி, காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள். தட்டையான பை விரைவில் உறையும், விரைவில் இளகும், அலமாரியில் குறைந்த இடத்தை அடைக்கும். சமைக்கும் நாளுக்கு முந்தைய இரவு அதை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வையுங்கள். மறுநாள் மாலை சமைக்கத் தயாராக இருக்கும்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கழுவுதொட்டியில் வைத்துவிட்டுச் செல்வது சிங்கப்பூரின் வெப்பத்தில் சிறிதும் பாதுகாப்பானதன்று. 5 பாகை (டிகிரி) செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் சமையலறைகள் ஆண்டு முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கின்றன. முந்தைய இரவு எடுத்து வைக்க மறந்துவிட்டால், மூடிய பையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்றினால் தட்டையான பை ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இளகிவிடும். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

கொத்துக்கறியைக் கழுவலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் தவறாமல் எழும். இறைச்சியைக் கழுவாமல் சமைப்பதை மனம் ஏற்காதவர்கள் நம்மில் பலர், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கொத்திய இறைச்சியைக் கழுவுவதால் கிருமிகள் நீங்குவதில்லை. தெறிக்கும் நீர் வழியாக அவை தொட்டியிலும் அருகிலிருக்கும் காய்கறிகளிலும் பரவுகின்றன. மேலும், கழுவிய கொத்துக்கறி நீரை உறிஞ்சிக்கொண்டு வாணலியில் வறுபடாமல் அவிந்துபோகும். கழுவியே தீர வேண்டும் என்பவர்கள் முழுத் துண்டாக வாங்கிக் கழுவி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு வீட்டிலேயே கத்தியால் கொத்திக்கொள்ளலாம்; கையால் கொத்திய கறிக்குத் தனி ருசி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேவையானவை

நான்கு பேருக்கு: மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, நன்கு பழுத்த தக்காளி மூன்று, நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு, உறைய வைத்த பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை இரண்டு கொத்து, மணத்துக்குப் பாண்டான் (ரம்பை) இலை ஒன்று, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தாளிக்கப் பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு, கிராம்பு மூன்று, சோம்பு அரைத் தேக்கரண்டி. தூள்களில் மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மிளகாய் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லி மூன்று தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. உப்பு ஒன்றேகால் தேக்கரண்டியில் தொடங்கிப் பிறகு ருசி பார்த்துக் கூட்டலாம். இறுதியில் பிழிய ஓர் எலுமிச்சையும், தூவக் கொத்தமல்லித் தழையும் வேண்டும். விரும்பினால் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலிட்டர்.

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தனித்தனியாக இல்லையென்றால், இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் இறைச்சிக் கறித்தூளில் இரண்டு மேசைக்கரண்டி போதும், அதன் பட்டியலைப் படித்த பிறகு. சிறுவர்கள் உண்பதானால் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போடுங்கள்.

சமைக்கும் முறை

முதல் வேலை சோறு. வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவிவிட்டு அரிசியைக் களைந்து சோற்றுக் குக்கரில் ஏற்றிவிட்டால், நீங்கள் வேறு வேலை பார்க்கும்போது அது தானாக வெந்துகொண்டிருக்கும். குக்கருடன் வரும் அளவுக் குவளை 180 மில்லிலிட்டர் கொள்ளும்; நான்கு பேருக்கு இரண்டரைக் குவளை அரிசி எடுங்கள். ஊரில் புழுங்கலரிசிக்குப் பழகிய கை இங்கே தாய்லாந்து மல்லிகை அரிசிக்கும் அதே அளவு நீரை ஊற்றிவிடும். அது குழைந்து களியாகிவிடும். மல்லிகை அரிசிக்கு ஒரு குவளைக்கு ஒரு குவளை நீர், அல்லது அதைவிடச் சிறிதே கூடுதல், என்பதே கணக்கு.

அடுத்ததாகக் காய்களை நறுக்கி வைத்துவிடுங்கள். வெங்காயத்தைப் பொடியாகவும், தக்காளியை ஓரளவு பொடியாகவும், உருளைக்கிழங்கை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாகவும் நறுக்க வேண்டும். உருளைக்கிழங்கு இதைவிடப் பெரிதாக இருந்தால் இறைச்சி வெந்த பிறகும் அதற்காகக் காத்திருக்க நேரிடும். காய்களை முதலில் நறுக்கி, இறைச்சியைப் பிறகு தொடுவதே நல்ல ஒழுங்கு. ஒரே பலகையைக் கழுவாமல் இரண்டுக்கும் பயன்படுத்தும் ஆபத்து இதனால் தவிர்க்கப்படும்.

இனி வருவதே இந்தச் சமையலின் முக்கியமான கட்டம். நம் வழக்கத்தில் வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கிவிட்டு அதன் மேல் இறைச்சியைப் போடுகிறோம். துண்டுக் கறிக்கு அது பொருந்தும். கொத்துக்கறியைத் தக்காளியின் ஈரத்தில் போட்டால் அது தன் நீரையும் சேர்த்து விட்டு, அந்த நீரிலேயே கொதித்துச் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு எவ்வளவு மசாலா சேர்த்தாலும் சப்பென்றே இருக்கும். நீர் இருக்கும் வரை வாணலியின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி பழுப்பேறி வறுத்த மணம் கொடுப்பதற்கோ ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே இந்த முறையில் இறைச்சியைத் தனியாக முதலில் வறுத்து எடுத்துக்கொண்டு, வெங்காயத்தைப் பிறகு வதக்குகிறோம்.

உங்களிடம் உள்ளதிலேயே அகலமான வாணலியை எடுத்து, எண்ணெய் ஊற்றி, எண்ணெய் நன்றாகச் சூடேறியதும் இறைச்சியைப் பரப்பிவிடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை வெறுமையாக அதிகத் தீயில் காய வைக்க வேண்டாம். வாடகை வீடுகளில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்புகள் மிக விரைவாகச் சூடேறிப் பூச்சைக் கெடுத்துவிடும். பரப்பிய பிறகு இரண்டு மூன்று நிமிடங்கள் கிளறாமல் விடுங்கள். கை பரபரக்கும், ஆனாலும் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் பழுப்பேறியதும் மரக்கரண்டியின் முனையால் கட்டிகளை உடைத்துப் புரட்டுங்கள். இந்தக் கட்டத்தில் இறைச்சி நீர் விடும். மூடி போடாமல் அதிகத் தீயிலேயே அந்த நீர் வற்றட்டும். நீர் இருக்கும்போது கொதிக்கும் ஓசை கேட்கும். வற்றியதும் அது படபடவென்று பொரியும் ஓசையாக மாறும். காதால் கேட்டே அந்த மாற்றத்தை அறியலாம். அதற்குப் பிறகு இரண்டு நிமிடங்கள் வறுத்து, இறைச்சியை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். மொத்தம் ஏழு எட்டு நிமிடங்கள் ஆகும். வாணலி சிறியதென்றால் இறைச்சியை இரண்டு பங்காகப் பிரித்து வறுப்பது நல்லது.

வாணலியில் இப்போது இறைச்சியின் கொழுப்பு தங்கியிருக்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி அளவு இருக்கட்டும். மிகுதியை ஒரு பழைய டின்னில் ஊற்றி ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கொழுப்பிலேயே பட்டை, ஏலக்காய், கிராம்பு, சோம்பு ஆகியவற்றைத் தாளித்து, கறிவேப்பிலையும் முடிந்து வைத்த பாண்டான் இலையும் போட்டு, வெங்காயத்தைச் சேர்த்து ஆறேழு நிமிடங்கள் வதக்குங்கள். வெங்காயம் விடும் ஈரம் வாணலியின் அடியில் ஒட்டிய பழுப்பைக் கரைத்து எடுக்கும். அதைக் கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள், கறியின் மணம் அதில்தான் இருக்கிறது. விளிம்பு பொன்னிறமானதும் பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்து, பச்சை வாடை போகும் வரை கிளறுங்கள். பிறகு தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு, கருகாமலிருக்க இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து ஒரு நிமிடம் வதக்கி, தக்காளியைச் சேருங்கள். தக்காளி கரைந்து, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து தெரியும் வரை ஐந்து நிமிடங்கள் ஆகும். தயிர் கொடுத்திருக்கக்கூடிய புளிப்பு முழுவதும் இதிலிருந்தே வர வேண்டும் என்பதால் தக்காளியில் கஞ்சத்தனம் கூடாது.

இப்போது உருளைக்கிழங்கையும், வறுத்து வைத்த இறைச்சியையும், தட்டில் வடிந்த சாற்றையும், உப்பையும் சேர்த்துக் கலந்து, ஒரு தம்ளருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 150 மில்லிலிட்டர், சுடுநீர் ஊற்றுங்கள். மூடிச் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடங்கள் வேகவிடுங்கள். உருளைக்கிழங்கு விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்ததும், நான்கைந்து துண்டுகளைக் கரண்டியால் வேண்டுமென்றே மசித்துவிடுங்கள். கறிக்குக் கெட்டித்தன்மை கிடைக்கும். பட்டாணியைப் போட்டு மூன்று நிமிடங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் அதையும் இப்போது ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிட வேண்டும்.

இறைச்சி வெந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே கொத்துக்கறி 71 பாகை வரை சூடேற வேண்டும். மேற்சொன்னபடி வறுத்து, மூடி வேகவைத்த கறி அதைத் தாண்டியே இருக்கும். இருந்தாலும் கைப்பிடி அளவுக் கட்டிகள் உடையாமல் கிடந்தால் அவற்றின் நடுப்பகுதி வேகாமல் போகலாம் என்பதால்தான் கட்டிகளை உடைக்கச் சொன்னேன்.

அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சையைப் பிழிந்து, கொத்தமல்லித் தழையைத் தூவி, ஐந்து நிமிடங்கள் மூடி வையுங்கள். பிறகு ருசி பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பெரும்பாலும் அது உப்போ புளிப்போதான். மிச்சமிருக்கும் எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் பிழிந்து பார்த்த பிறகே உப்பைக் கூட்டுங்கள்.

உடன் பரிமாற

தயிர்ப் பச்சடிக்கு மாற்றாக, வெள்ளரிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசிறி வையுங்கள். அன்னாசித் துண்டுகள் சேர்த்தாலும் நன்றாக இருக்கும். பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய காங்கோங் கீரை மூன்று நிமிட வேலை. சோற்றுக்குப் பதிலாக இடியாப்பமோ புட்டோ வைத்துக்கொள்ளலாம். கடைப் பரோட்டாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாவில் நெய்யோ மார்ஜரினோ கெட்டிப் பாலோ சேர்க்கும் வழக்கம் உண்டு. ‘நான்’ ரொட்டியில் தயிரும் பாலும் சேர்வது பொது வழக்கம். ரொட்டி வாங்குவதானால் பால் தூள் இல்லாததைப் பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பகிர்ந்துகொள்ளும் சமையலறை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்து, மற்றவர்களுடன் சமையலறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் பலர். உடன் இருப்பவர்கள் மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்களாக இருக்கலாம். ஒரே ஊரிலிருந்து வந்த நண்பர்களாகவும் இருக்கலாம். சமைக்கத் தொடங்குவதற்கு முன் அவர்களிடம் நேரடியாகக் கேட்டுவிடுவதே முறை. அவர்கள் சம்மதித்தாலும் வாணலி, பலகை, கத்தி, கரண்டி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஆகியவற்றை உங்களுடையதாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இறைச்சியை மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில் வையுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லையென்றால் இதே முறையை ஆட்டுக் கொத்துக்கறியிலோ கோழிக் கொத்துக்கறியிலோ அப்படியே செய்யலாம். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டியாக்கி, 74 பாகை வரை வேகவைக்க வேண்டும்.

இலேசான சமையலுக்கு மட்டுமே அனுமதி என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வீடுகளும் உண்டு. இறைச்சியை வறுக்கும் அந்த ஏழெட்டு நிமிடங்களில்தான் புகையும் மணமும் எழும். சன்னலைத் திறந்து, புகைபோக்கி இருந்தால் அதை முன்கூட்டியே ஓடவிட்டு, அறைக் கதவுகளைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள். துவைத்த துணிகள் சமையலறை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுவது நல்லது.

மிஞ்சியதை வைத்தல்

தேங்காய்ப்பால் ஊற்றிய கறியை அன்றிரவே முடித்துவிடுங்கள். இந்த ஊர் வெப்பத்தில் அது விரைவில் கெடும். மறுநாள் மதிய உணவுக்கும் சேர்த்துச் சமைப்பதானால் தேங்காய்ப்பாலைக் கறியில் கலக்காமல், அன்று உண்ணும் பங்கில் மட்டும் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளலாம். மிஞ்சிய கறியை அகலமான, ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று நாள்கள் வரை அங்கே இருக்கும். எடுத்து உண்ணும்போது ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள், ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். அலுவலகத்துக்கு எடுத்துச் செல்பவர்கள், அங்கே குளிர்பதனப் பெட்டி இருந்தால் போய்ச் சேர்ந்ததும் டப்பாவை அதில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பனிக்கட்டிப் பையுடன் கூடிய உணவுப் பையில் கொண்டு செல்லுங்கள்.

நீர் நன்றாக வற்றிய கொத்துக்கறியைத் தோசைக்குள் வைத்து மடிக்கலாம், முட்டையுடன் கலந்து பொரிக்கலாம். உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் வரை ருசி குறையாமல் இருக்கும், ஆனால் உருளைக்கிழங்கு உறைந்து இளகும்போது சொரசொரப்பாகிவிடும் என்பதால், உறைய வைக்கும் பங்கை உருளைக்கிழங்கு சேர்க்காமல் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் மேல் சமைத்த தேதியையும் ‘பால் இல்லை’ என்பதையும் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் வேறு யார் எடுத்துச் சூடாக்கினாலும் அதில் ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிட மாட்டார்கள்.